லட்சத்து எட்டு எதனால் பிரியும்

கூட்டாளிமாரே, 463 என்ற எண்ணை உடைக்க நாம் ஒரு காலைப்பொழுது முழுவதையும் செலவழித்தது உங்களில் யாருக்கு நினைவிருக்கிறது? நாவற்குடாவில் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில், வாங்கு மேசை ஒன்றுமில்லாமல் மணலில் குந்தியிருந்து படித்த ஏழாம் தரத்தைச் சொல்கிறேன். நமக்கு இன்னும் பெரிய வயதாகிவிடவில்லை. ஆனாலும் போன மாதம் சந்தையில் கண்ட நம் வகுப்புக்காரி ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள். எனக்கும் காதோரம் வெளுத்துவிட்டது. சுனாமியையும் போரின் கடைசியையும் பள்ளிக்கூடச் சட்டையோடு கடந்தவர்களுக்கு வயது கொஞ்சம் முந்தித்தான் வரும் போலிருக்கிறது. மறதியும் வந்து சேர்வதற்குள் அந்த எண்ணின் கதையை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களெல்லாம் எண்ணினீர்கள். யாருக்காக என்று எண்ணும்போது உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

எங்கள் வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட இருந்தது. அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அன்று காலை தோணியில் இருந்தபடியால் தப்பினார். வீட்டில் அம்மாவும் நானும் நாலு வயதுத் தம்பியும் இருந்தோம். தண்ணீர் வந்தபோது அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னைக் கையில் பிடித்து இழுத்தார். என் கை வழுகிவிட்டது. ஒரு பூவரச மரத்தில் சிக்கிக் கிடந்த என்னை யாரோ ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பொழுது படும் நேரம். அங்கே தம்பி, குடித்த தண்ணீரால் காய்ச்சல் கண்டு கட்டிலில் கிடந்தான். அம்மா என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் கும்பிட்டார். பிறகு தம்பியின் கட்டிலடிக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா என்னைத் தொடவில்லை. முகாமில் எனக்குச் சோறு போட்டுக் கோப்பையைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளுவார். சீப்போடு தலை இழுக்கப் போனால், "பக்கத்து மாமிட்டப் போ மனே" என்பார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையும் "மனே"தான். தம்பியை மட்டும் தன் சேலைத் தலைப்போடு ஒரு கயிற்றால் முடிந்து வைத்திருந்தார். அவர் குழாயடிக்குப் போனால் அவனும் போவான், அவர் வரிசையில் நின்றால் அவனும் நிற்பான். தொடாததைக்கூடப் பொறுத்திருப்பேன். ஏசாததுதான் பொறுக்கவில்லை. ஒருநாள் எங்களுக்கென்று கிடைத்த பருப்புக் கறியை முழுவதுமாகக் கொட்டிவிட்டேன். கல்லடியில் என்றால் அகப்பைக் காம்பு முதுகில் விழுந்திருக்கும். அம்மா கொட்டிய கறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அள்ளித் துடைத்தார். தன் பிள்ளைக்குத்தானே தாய் ஏசுவாள், எனக்கு அந்தப் பதவி போய்விட்டது என்று நினைத்து அழுதேன்.

காரணம் மாசியில்தான் வெளிவந்தது. அப்பா தோணிக்குப் பலகை தேடித் திரிந்த காலம். ஒரு மத்தியானம் அம்மா அவரிடம் சொன்னார்:

"இஞ்ச பாருங்க, வைகாசிச் சடங்குக்குள்ள கண்ணகி அம்மாளுக்கு நேர்த்தி குடுக்கோணும். தண்ணிக்குள்ள நிண்டு நேர்ந்தன். லட்சத்தெட்டுப் பூ."

அப்பா கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

"லட்சத்தெட்டா? நூத்தெட்டு எண்டு நேர்ந்திருந்தா அம்மாள் கோவிச்சிருப்பாவோ?"

"வாயில வந்தது அதுதான். தண்ணிக்குள்ள நிண்டு கணக்குப் பாக்க ஏலுமா?"

"புள்ளைக்கா நேர்ந்த?"

"குடுத்து முடியுமட்டும் ஆருக்கெண்டு சொல்லப்படாது. சும்மா கேக்காதீங்க."

அவர் சொல்லாவிட்டால் என்ன? முகாம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆண் பிள்ளை, கடைக்குட்டி, ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடந்தவன், இப்போது கயிற்றில் கட்டி வைத்திருக்கிறாள், வேறு யாருக்கு நேர்ந்திருப்பாள்? பக்கத்து மாமி எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே, "கொம்மா பாவம் மனே, நேர்த்தி குடுத்து முடிஞ்சாத்தான் அவட மனம் உன் பக்கம் கிறுகும்" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த எண் அடைபட்டால் அம்மா எனக்குத் திரும்பக் கிடைப்பார். அந்தப் பருவம் முழுக்க எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

நம் கணக்கு ரீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். தன் வீட்டில் யார் யார் போனார்கள் என்று அவர் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. வெறுங்கழுத்தோடு வந்து கரும்பலகையில் காரணிகளும் முதன்மை எண்களும் எழுதிப்போட்டார். ஒருநாள், "ஆளுக்கொரு பெரிய எண் கொண்டு வாங்க, காரணி காணுவம்" என்றார். நீங்கள் பஸ் இலக்கமும் நிவாரணச் சாக்கில் அடித்திருந்த இலக்கமும் கொண்டுவந்தீர்கள். ஒருவன் ஒன்றுக்குப் பின்னால் சுழியங்களை வரிசையாகப் போட்டுக் கொண்டுவந்து, "என்ர தான் பெரிசு ரீச்சர்" என்று நெஞ்சை நிமிர்த்தினான். அதற்குள் இரண்டும் ஐந்தும் தவிர ஒன்றுமில்லை என்று ரீச்சர் காட்டியதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து நாம் சிரித்தோம். நான் என் எண்ணைச் சொன்னேன். 1,00,008.

அது ஒரு நல்ல எண், இன்றைக்கும் சொல்வேன். வெறும் லட்சமாக இருந்தபோது மூன்றால் பிரியாத எண், வாலில் ஓர் எட்டு வந்து ஒட்டியதும் அடியோடு மாறிவிட்டது. கடைசி மூன்று இலக்கமும் எட்டால் பிரியும், ஆகவே முழு எண்ணும் எட்டால் பிரியும். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது, ஆகவே ஒன்பதாலும் பிரியும். எட்டாலும் ஒன்பதாலும் பிரித்தபோது 1389 வந்தது. அதை மூன்றால் பிரித்தோம், 463 வந்தது. அங்கேதான் எல்லோரும் போய் முட்டிக்கொண்டோம். இரண்டால் பிரித்தால் மீதி ஒன்று. மூன்றால் பிரித்தாலும் ஒன்று. ஏழால் பார்த்தோம், பதினொன்றால் பார்த்தோம், அப்போதும் அதே ஒன்று மீந்து நின்று பல்லைக் காட்டியது. பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது என்று போய்ப் பார்த்தும் மசியவில்லை. "விடுங்க புள்ளையள், இது முதன்மை எண். இது ஆருக்கும் பணியாது" என்றார் ரீச்சர். காரணிகளை எல்லாம் எழுதி எண்ணினால் முப்பத்திரண்டு. "என்ர வாய்ப் பல்லளவு" என்று ஒருவன் சொல்ல, "உனக்கு முன்பல் ரெண்டு இல்லையே" என்று இன்னொருவன் சொன்னான். அந்த முப்பத்திரண்டில் நூற்றெட்டும் ஒன்று என்று கண்டதும் ரீச்சருக்கே மகிழ்ச்சி.

இது எங்கே எடுத்த எண் என்று அவர் கேட்டார். சொல்லிவிட்டேன்.  முன்வரிசையில் இருந்து ஒரு குரல்: "நாம இருவத்தேழு பேர் ரீச்சர். இருவத்தேழாலயும் பிரியுந்தானே?"

பிரிந்தது. ஆளுக்கு 3704, மீதியில்லை. நீங்கள் கை தட்டினீர்கள். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அப்போது பின்பக்கம் தனியாக இருந்தவள் எழும்பி, "முப்பத்தொரு பேர் எண்டா?" என்று கேட்டாள்.

மார்கழி விடுமுறைக்கு முந்தி நம் வகுப்பு முப்பத்தொரு பேர். குறைந்த நாலு பேரில் ஒருத்தி அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். ரீச்சர் திரும்பி நின்று மெதுவாக வகுத்தார். ஆளுக்கு 3226, மீதி இரண்டு. பிரியவில்லை. நாலு பேர் போனதால்தான் அந்த எண் நமக்குச் சுகமாகப் பிரிந்திருக்கிறது. எனக்கு அந்த வயதில் அதை விடப் பயங்கரமான கணக்கு வேறு தெரியாது.

"அவங்களுக்கும் பங்கு வையுங்க ரீச்சர். அவங்கட பங்க நாங்க எண்ணுவம்," என்றாள் அவள்.

"மீதி ரெண்டு?"

"அத அவட அம்மா போடட்டும். அவதானே நேர்ந்தவ."

அப்படியே முடிவாகியது. ஆனால் பூவுக்கு எங்கே போவது? கடலோர எழுவான்கரையில் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் உப்புத்தண்ணீர் குடித்துக் கருகிப் போயிருந்தன. வாவிக்கு அக்கரைப் படுவான்கரைக் குளங்களில் தாமரை இருந்தது, லட்சம் பறித்தால் குளம் மொட்டையாகிவிடும். அதற்குத் தென்னையில் ஏறுகிறவரின் மகன் வழி சொன்னான். "தென்னை சாகலயே. ஒரு பாளையில எத்தின பூ இரிக்கெண்டு ஆரும் எண்ணிப் பாத்திரிக்கிறீங்களா?"

கேட்டதும் ரீச்சர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். ஒரு பாளை வெடித்தால் உள்ளே ஆயிரக்கணக்கில் பூ, நெல்லை விடச் சற்றுப் பெரிதாக, வெளிர்மஞ்சளாக. வெட்ட வேண்டியதில்லை, தானாகவே உதிரும். தரையில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்று அம்மா சொன்னதும், நிவாரணத்துக்கு வந்த தறப்பாள்களைக் கழுவித் தென்னைகளுக்குக் கீழே விரித்துவிட்டோம். காற்றுக்குப் பூக்கள் தறப்பாளில் விழும் ஓசை, மழை தொடங்கும் நேரத்து ஓசையைப் போலவே இருக்கும். அந்த மாதங்களில் எந்த இரைச்சலைக் கேட்டாலும் ஓடத் தயாராக இருந்தவர்கள் நாம். அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் யாரும் ஓடவில்லை. வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்துத் துவர்ப்பைத் துப்பியபடியே எண்ணினோம்.

எண்ணிய விதத்தில் ஒரு கூத்து நடந்தது. கரைவலைக்காரரின் பிள்ளைகள் மீன் எண்ணுகிற முறையில் எண்ணினார்கள். நூறு சேர்ந்தால் ஒன்றை எடுத்து அடையாளத்துக்கு அப்பால் வைப்பார்கள், எத்தனை நூறு என்று பிறகு அதைப் பார்த்துச் சொல்வார்கள். மீன் என்றால் அடையாள மீனும் கடைசியில் குவியலுக்குள் போய்விடும். பூவில் அதை மறந்து, அடையாளப் பூக்களைக் காற்றோடு விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் ஓர் உரப்பையில் கொட்டிய பிறகுதான் விசயம் தெரிந்தது. எந்த நூறு நூறு, எந்த நூறு தொண்ணூற்றொன்பது என்று யாருக்கும் தெரியாது. கடற்கரைப் பிள்ளைகளும் வாவிப் பக்கத்துப் பிள்ளைகளும் மயிரைப் பிடித்துச் சண்டை.  கணக்குக் குறைந்தால் நேர்த்தி நிறைவேறாது, அம்மாவும் வரமாட்டார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்புகனாரிடம் ஓடினேன். வருடத்தில் வைகாசியில் மட்டும் கதவு திறக்கிற கண்ணகி அம்மன் கோயிலில் பூசை செய்கிறவர் அவர். கோயில் வளவைக் கூட்டிக்கொண்டு நின்றார். கதையைக் கேட்டுவிட்டு விளக்குமாற்றை ஊன்றிச் சிரித்தார்.

"லட்சத்துக்குப் பின்னால அந்த எட்டு என்னத்துக்கு எண்டு நினைக்கிறாய்? எண்ணுறவன் பிழை விடுவான் எண்டு முன்னமே தெரிஞ்சுதான் அத வைச்சிரிக்கி."

"எட்டுக்கு மேல பிழை விட்டிருந்தா?"

"ரெண்டு பேணி கூட அள்ளிப் போடு. கூடினதுக்கு அம்மாள் ஆரையும் கேட்டதில்ல."

எனக்கு அரை மனம்தான். முப்பத்திரண்டு காரணிகளோடு அழகாக நின்ற எண்ணை இரண்டு தகரப் பேணிப் பூவைப் போட்டுக் கெடுப்பதா? ஆனால் அம்மாவா எண்ணா என்றால் அம்மாதான். நாலு பேணி போட்டேன்.

பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அப்பாவும் நானும் கோயிலுக்குப் போனோம். சந்திக் காவலில் நின்ற ஆமிக்காரர் பையை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே கைவிட்டு அளைந்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, சிங்களத்தில் "மல்?" என்று கேட்டார். "ஓம், மல். பூ. அம்மாளுக்கு," என்றார் அப்பா. அந்தப் பிடியை ஆமிக்காரர் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்து, "திருப்பிப் போடச் சொல்லுங்க அப்பா" என்று கத்திவிட்டேன். அவர் விரல்களை உதறி, ஒட்டியிருந்த கடைசிப் பூவையும் நகத்தால் தட்டிப் பைக்குள் விழுத்தினார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அடுத்த ஆண்டுகளில் சண்டை திரும்பி வந்தபோது அதே சந்தியை நாம் தலை குனிந்து கடந்தோம், அது முடிந்தபோது நம் இருபத்தேழு பேரிலும் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அன்றைக்கு, வைகாசி வெயிலில், அந்த ஆமிக்காரரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

சடங்கு முடியும் குளிர்த்திக்கு முதல் நாள் பின்னேரம். கோயில் வாசலில் நீங்கள் எல்லோரும் குளித்து, நனைந்த தலையோடு நின்றீர்கள், ரீச்சரும் வந்திருந்தார். அம்மா தம்பியோடு முன்னால் நின்றார். கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். பூக்களைப் பாயில் கொட்டியபோது களத்து நெல்லைப் போலக் குவிந்து நின்றன. மீதி இரண்டு பூவையும் ரீச்சர் ஒரு வெற்றிலையில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். கப்புகனார் வாய்த்துணியை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"புள்ளைய அம்மாளுக்குக் குடுத்தது நீதானே? பூவைக் குடுத்துப் புள்ளைய வாங்கு. ஆரை வாங்குற?"

நான் தம்பியைப் பார்த்தேன். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். பக்கத்து மாமி அவனை முன்னால் தள்ளிவிடக் கையும் வைத்துவிட்டார்.

"மூத்தவள," என்றார் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். மாமிக்கு வாய் திறந்தபடியே இருந்தது.  அம்மா இரண்டு பூவையும் குவியலில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். குரல் அவருடையதாகவே இல்லை.

"இவன் என்ர இடுப்பில இருந்தான். கையில இருக்கிறவனுக்கு என்னத்துக்கு நேருவன்? அவள்தான் போனவள். அம்மாளே, இவள நீ எடுத்துக்க, உன்ர புள்ளையா வைச்சுக்க, செத்துப் போக மட்டும் விட்டுராத, லட்சத்தெட்டுப் பூத் தந்து வாங்குறன் எண்டு கத்தினன். மறுகா பொழுதுபடக் கொண்டந்து விட்டாங்க. உசிரோட. அம்மாள்ர புள்ளைய நான் எப்பிடித் தொடுற? எப்பிடி ஏசுற? விலை குடுக்காம எடுத்துப் போட்டாள் எண்டு திருப்பிக் கேட்டா நான் எங்க போவன்?"

கப்புகனார் என் நெற்றியில் மஞ்சள் பூசினார். பூக்குவியலைச் சுற்றி என்னைக் கூட்டிவந்து, என் தோளைப் பிடித்து அம்மாவின் பக்கம் தள்ளினார். "இந்தா. இனி இது உன்ர புள்ள."

கூட்டாளிமாரே, ஐந்து மாதமாக என் தாய்க்கு நான் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் அவர் என்னைத் தவிர வேறெதையும் நினைத்திருக்கவில்லை. தள்ளிவைத்த சோற்றுக் கோப்பையும் கொட்டிய கறிக்கு விழாத அடியும் என்ன விலை என்று அந்த நிமிசத்தில் விளங்கியது. சந்தோசத்தில் நெஞ்சு நோகும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அம்மா என்னை இழுத்து அணைத்தார். மூச்சு முட்டியது. பிறகு என் தலையைத் தன் கைகளால் பிடித்துப் பார்த்தவர், படார் என்று முதுகில் ஓர் அடி போட்டார்.

"இது என்னடி தலை? ஈரும் பேனும் பொரிஞ்சு கிடக்கு! ஒரு பொம்புளப்புள்ள இப்பிடியா திரியிற? அண்டைக்கு அவ்வளவு பருப்பையும் கொட்டினாயே, கண் எங்க கிடந்த? செருப்பு எங்க? அதையும் துலைச்சிட்டியா?"

வீதியில் போகிறவர்கள் நின்று பார்க்க, முகாமின் வாசல்வரை ஏசிக்கொண்டே வந்தார். ஐந்து மாதத்து ஏச்சு, ஒன்றைக்கூட விடவில்லை. நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவரோடு ஒட்டி நடந்தேன். இடையில் மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது, "இன்னும் ஏசுங்கம்மா" என்றேன்.